சுடுகளமும் பொதுநிலமும்: விம்பிள்டனிலிருந்து பிஸ்லிக்கு

1. பிரச்சினையின் தன்மை

விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் வீரர்களின் வரலாறாகவும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. விளையாட்டு நிகழும் நிலம் எவ்வாறு கிடைத்தது, அந்நிலத்தில் அதற்கு முன்னர் உரிமை பாராட்டியோர் யாவர், அவ்வுரிமைகள் பின்னர் என்னவாயின என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நெடுந்தூரத்து இலக்கினைக் குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிப் போட்டியைப் பொறுத்தவரை இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. ஏனெனில் வேறெந்த விளையாட்டைக் காட்டினும் அது நிலத்தை விழுங்குவது. தான் பயன்படுத்தும் நிலத்தை மட்டுமன்றி, பயன்படுத்தாத நிலத்தையும் பிறருக்கு மூடிவைக்க வேண்டுவது.

ஆயிரம் யார், அதாவது ஏறத்தாழ 914 மீற்றர், தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவதற்கு ஆயிரம் யார் நிலம் போதாது. இலக்கின் பின்னால் உயர்ந்த மண்மேடு ஒன்று எழுப்பப்படும். மேட்டைத் தவறிய குண்டும், கல்லிலோ இறுகிய தரையிலோ பட்டுத் தெறித்த குண்டும் அப்பாலும் நெடுந்தொலைவு செல்லும். 1888ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட லீ-மெற்போட் துப்பாக்கியின் .303 குண்டு மூன்று கிலோமீற்றருக்கும் அப்பால் சென்று வீழவல்லது. ஆகவே இலக்கின் பின்னும் இருமருங்கும் விரிந்து செல்லும் அபாய வலயம் ஒன்று தேவைப்படுகின்றது. அவ்வலயத்தில் வீடு இருத்தலாகாது. பாதை இருப்பின் அது மூடப்படல் வேண்டும். சுடும் வேளையில் செங்கொடி ஏற்றி மனிதரையும் கால்நடைகளையும் விலக்குதல் வேண்டும்.

இத்தகைய 'வெறுமையான' நிலம் இயற்கையில் ஆயத்தமாகக் கிடப்பதன்று. சமூக உறவுகளினூடாக வெறுமையாக்கப்படுவது என்பதே எமது கருத்தாகும். இதனை 1860 முதல் 1889 வரை இங்கிலாந்தின் முதன்மையான சுடுகளம் இலண்டனை அடுத்த விம்பிள்டன் பொதுநிலத்தில் நிலைபெற்றிருந்து, பின்னர் சரே மாவட்டத்துப் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்த வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

2. தொண்டர் படையும் இருநூறு யார் நிபந்தனையும்

1859ஆம் ஆண்டு பிரான்சியப் படையெடுப்புப் பற்றிய அச்சம் பிரித்தானியாவெங்கும் பரவியிருந்தது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் போர் அலுவலகம் விடுத்த சுற்றறிக்கையின் அடிப்படையில் தொண்டர் படைகள் உருவாயின. தொடக்கத்தில் தொண்டர்கள் தமது சீருடை, ஆயுதம் ஆகியவற்றின் செலவைத் தாமே ஏற்கவேண்டியிருந்தது. இதனால் முதலில் திரண்டோருள் வணிகர், சட்டத்தரணிகள், எழுதுவினைஞர் முதலிய மத்தியதர வகுப்பினர் முதன்மை பெற்றனர்; கைவினைஞரும் தொழிலாளரும் பெருந்தொகையினராகச் சேர்ந்தமை சில ஆண்டுகள் கழித்தே நிகழ்ந்தது.

அவ்வாண்டு யூலையில் அரசாங்கம் படையணிகளுக்கு ஒரு பகுதித் துப்பாக்கிகளை வழங்க முன்வந்தபோது விதித்த நிபந்தனைகளுள் ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. குறைந்தது இருநூறு யார் நீளமுடைய பாதுகாப்பான சுடுகளம் ஒன்றினை ஒவ்வோர் அணியும் காட்டவேண்டும் என்பதே அது. அதாவது துப்பாக்கியைப் பெறுவதற்கு நிலம் முன்நிபந்தனையாயிற்று. நிலமோ பிரபுக்களிடமும் பெருநிலவுடைமையாளரிடமும் இருந்தது. நாட்டைக் காக்க முன்வந்த குடிமகன் முதலில் நிலப்பிரபுவின் வாயிலில் நின்று இடம் கேட்க வேண்டியவனானான். சுடுகளம் தேடும் முயற்சி தொடக்கம் முதலே வர்க்க உறவுகளுக்கு உட்பட்டிருந்தமையை இந்நிபந்தனை தெளிவாக்குகின்றது.

இக்காலத்தில் மான்செஸ்டரில் வாழ்ந்த பிரெடரிக் ஏங்கெல்ஸ் தொண்டர் படையினருக்கான பத்திரிகையொன்றில் தொடர்ந்து எழுதி வந்தார் என்பதும், றைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கியின் வரலாற்றை 1860-61ஆம் ஆண்டுகளில் கட்டுரைத் தொடராக அளித்தார் என்பதும் எமது வாசகர் பலர் அறியாத செய்தியாக இருக்கலாம். படைக்கலத்தின் தொழினுட்ப வளர்ச்சி போரின் வடிவத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதில் அவர் காட்டிய அக்கறை, அது நிலத்தின் பயன்பாட்டை எவ்வாறு மாற்றுகின்றது என நாம் வினவுவதற்கும் வழிகாட்டுகின்றது. குழலினுள் வெட்டப்பட்ட சுரிகள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்தின; செல்லும் தூரம் கூடியது; தூரம் கூடக்கூட மூடப்பட வேண்டிய நிலமும் கூடியது.

3. விம்பிள்டன்: பிரபுவின் இரு முகங்கள்

1859 நவம்பரில் தேசிய றைபிள் சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதலாவது போட்டி 1860 யூலையில் விம்பிள்டன் பொதுநிலத்தில் நடைபெற்றது. தாங்கியொன்றிற் பொருத்தப்பட்ட விற்வேர்த் துப்பாக்கியின் விசையை விக்டோரியா மகாராணியார் கயிற்றால் இழுத்து, நானூறு யார் தொலைவிலிருந்த இலக்கின் நடுவை அண்மித்து முதற் குண்டைச் செலுத்தினார். தொண்டர்களுக்கென மகாராணியார் வழங்கிய பரிசு 250 பவுண். 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் மோதும் எல்கோ கேடயப் போட்டி தொடங்கப்பெற்று, 800, 900, 1000 யார்த் தூரங்கள் அதில் நிலைபெற்றன. ஆண்டுதோறும் யூலையில் கூடாரங்கள் நிறைந்த ஒரு நகரமே அங்குத் தோன்றி மறைந்தது.

இந்நிலம் எத்தகையது? ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட இப்புல்வெளியும் புதர்க்காடும் சட்டப்படி மனோரியப் பிரபுவான ஸ்பென்சர் கோமகனுக்கு உரியவை. எனினும் அது அவருடைய தனியுடைமை மட்டுமன்று. கால்நடை மேய்த்தல், விறகு கொள்ளுதல் போன்ற வழக்குரிமைகள் அயலிலுள்ள பொதுநில உரிமையாளர் பலருக்கு இருந்தன. இவ்வாறு பல உரிமைகள் பின்னிக்கிடந்தமையாலேயே அந்நிலத்தில் வீடுகள் எழவில்லை. வீடுகள் எழாமையாலேயே அது சுடுகளத்துக்குப் பொருந்தியதாயிற்று. துப்பாக்கி வீரர்கள் கண்ட 'வெற்றிடம்' உண்மையில் ஏழை எளியோரின் மேய்ச்சல் உரிமையும் விறகு உரிமையும் நூற்றாண்டுகளாகக் காத்து வைத்த இடமாகும்.

ஐந்தாவது ஸ்பென்சர் கோமகன் றைபிள் சங்கத்தின் தொடக்ககால ஆதரவாளருள் ஒருவர். சுடுவதற்கு நிலத்தைத் திறந்துவிட்ட அவரே, 1864 நவம்பரில் வேறொரு திட்டத்தை வெளியிட்டார். பொதுநிலத்தின் ஒரு பகுதியை விற்று, அப்பணத்தைக் கொண்டு எஞ்சிய பகுதியை வேலியடைத்துப் பூங்காவாக்கி, அதில் தமக்கென ஒரு மாளிகை அமைப்பது அத்திட்டம். மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் ஆதித் திரட்சி பற்றிய அதிகாரங்களை வெளியிட்டது 1867இல். பொதுநிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு தனியுடைமையாக்கப்பட்டமையை அவர் அங்கு விரித்துரைத்தார். அவர் வாழ்ந்த அதே இலண்டனின் விளிம்பில், அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அப்போக்கு இன்னும் முடிவுறாதிருந்தது.

ஆயினும் விம்பிள்டனில் அது வெற்றிபெறவில்லை. அயலவர் குழுவொன்று எதிர்ப்பைத் திரட்டியது. 1865இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. மறுவருடம் தலைநகர்ப் பொதுநிலச் சட்டம் நிறைவேறியது. நெடிய வழக்காடலின் பின் 1871ஆம் ஆண்டின் விம்பிள்டன் - பட்னிப் பொதுநிலச் சட்டம் அந்நிலத்தை எட்டுப் பேர் கொண்ட பாதுகாவலர் சபையிடம் ஒப்படைத்தது. ஐவர் அயலவரால் தெரிவுசெய்யப்படுவோர். மூவர் அரசினால் நியமிக்கப்படுவோர். கோமகனுக்கு ஆண்டொன்றுக்கு 1200 பவுண் கொடுக்கப்படுவதாயிற்று. அப்பணம் அயலிலுள்ள வீடுகள் மீது விதிக்கப்பட்ட வரியினால் ஈடுசெய்யப்பட்டது.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் தவறாகும். போராட்டத்தை முன்னின்று நடத்தியோர் பெரும்பாலும் வசதிபடைத்த அயலவரே. தமது வீடுகளின் முன்னால் திறந்தவெளி நிலைக்கவேண்டும் என்னும் நாட்டம் அவர்களை இயக்கியது என்பதை மறுக்க முடியாது. மேய்ச்சலும் விறகும் படிப்படியாக மறைய, உலாவுதலும் காற்று வாங்குதலுமே பொதுநிலத்தின் பயனாயின. ஆயினும் நிலம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்னும் கொள்கை சட்டத்தில் இடம்பெற்றமை முன்னேற்றமான ஒரு விளைவே. ஒரு வர்க்கத்தின் குறுகிய நலன் சில வேளைகளில் பரந்த மக்கள் நலனுக்கு வழிதிறந்து விடுகின்றது. அதனை இயந்திரப் பாங்கில் விளங்கிக்கொள்ளல் இயலாது.

4. வெளியேற்றம்

எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட நிலத்தில் நெடுந்தூரச் சுடுதல் நீண்டநாள் நிலைத்திருக்க முடியாது. 1871இன் பின்னரும் போட்டிகள் அங்குத் தொடர்ந்தன. ஆனால் முரண்பாடும் வளர்ந்தது. புகையிரதப் பாதைகளின் வழியே இலண்டன் தென்மேற்காக விரிந்தது. அயலில் வீடுகள் பெருகின. விடுமுறை நாட்களில் உலாவருவோர் தொகை கூடியது. மறுபுறம் துப்பாக்கியின் வீச்சும் கூடிக்கொண்டே சென்றது.

இறுதி அடியைக் கொடுத்தவர் எளிய மக்களுள் ஒருவர் அல்லர் என்பதே இவ்வரலாற்றின் முரண்நகை. அயலிலுள்ள கூம் நிலத்தின் உடைமையாளர் கேம்பிரிட்ஜ் கோமகன். 1856 முதல் 1895 வரை பிரித்தானியப் படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. தவறிவரும் குண்டுகளால் தமது நிலத்துக்கு ஏற்படும் ஆபத்தை முன்வைத்து அவர் ஆட்சேபம் எழுப்பினார். குடிமக்கள் சுடப் பழகவேண்டும் எனத் தளபதி விரும்பலாம். தமது எல்லைக்குள் குண்டு விழலாகாது என நிலவுடைமையாளர் வற்புறுத்தினார். ஒரே மனிதருள் தேசபக்தியும் நிலவுடைமையும் மோதியபோது வென்றது எதுவென்பதை நாம் கூறவேண்டியதில்லை. எனினும் அவரது ஆட்சேபம் நியாயமற்றது என்றும் கூறமுடியாது. அவரது நிலத்தில் உழைத்தவனுக்கும், பொதுநிலத்தில் நடந்து சென்றவனுக்கும் குண்டு ஒன்றே.

1889ஆம் ஆண்டுடன் விம்பிள்டன் போட்டிகள் முடிவுற்றன. புதிய இடமாகத் தெரிவாகிய பிஸ்லி, புறூக்வூட் புகையிரத நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. மணற்பாங்கான, பயிர்ச்செய்கைக்கு உதவாத புதர்நிலம் அது. அயலில் படைத்துறை நிலங்கள் விரிந்து கிடந்தமையால் அபாய வலயம் எளிதில் அமைந்தது. 1890 யூலையில் களம் திறந்துவைக்கப்பட்டது. புறூக்வூடிலிருந்து முகாம்வரை கிளைப் புகையிரதப் பாதையும் இடப்பட்டது. அங்குள்ள ஸ்ரிக்கிள்டவுண் களத்தில் 1200 யார் வரை சுடமுடியும். இன்றுவரை பிரித்தானிய நெடுந்தூரச் சுடுதலின் மையம் அதுவே.

அத்திலாந்திக்கின் மறுகரையிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி காணப்படுகின்றது. நியூயோர்க்கை அடுத்த லோங் தீவில் பண்ணை நிலமொன்றை வாங்கி அமைக்கப்பட்ட கிறீட்மோர் சுடுகளம் 1873இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் அங்கு அயர்லாந்து அணியை அமெரிக்கர் 934க்கு 931 என்னும் புள்ளிகளால் வென்றமை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆயினும் விம்பிள்டன் கைவிடப்பட்ட அதே காலப்பகுதியில், 1890இல், கிறீட்மோர் நிலமும் மாநில அரசிடம் திரும்பியது. போட்டிகள் நியூயேர்சியின் கடலோரத்துக்கு நகர்ந்தன. நகரங்கள் விரிவடையும் முதலாளித்துவ காலப்பகுதியில் நகர் விளிம்பிலுள்ள சுடுகளம் நிலைபெற இயலாது என்பதை இரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன.

5. தூரத்தின் வர்க்க அளவு

சுடுகளம் தலைநகரை விட்டு அகன்றதும் தூரம் என்பது புதியதொரு பொருளைப் பெற்றது. பிஸ்லிக்குச் செல்லப் பயணச்செலவும் ஓய்வுநாட்களும் வேண்டும். வாரத்தில் ஆறு நாள் உழைப்பவனுக்கு இவை எளிதிற் கிட்டுவன அல்ல. தென்னாபிரிக்கப் போரில் (1899-1902) போவர் விவசாயிகளின் குறிதவறாத சுடுதிறன் பிரித்தானிய ஆளும் வர்க்கத்தைக் கலங்கவைத்தது. தொழிலாளரும் சுடப் பழகவேண்டும் என்னும் குரல் எழுந்தது. 1901இல் உழைக்கும் மக்கள் றைபிள் கழகங்களின் சங்கம் உருவாயிற்று. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது ஆயிரம் யார் களமன்று. மண்டபங்களிலும் கட்டடங்களின் பின்புறத்திலும் அமைந்த, இருபத்தைந்து யார் அளவிலான சிறுகளமே. அங்குப் பயன்பட்டது .22 அங்குலச் சிறுகுழல் துப்பாக்கி. 1903இல் அச்சங்கத்தின் பெயரிலிருந்து 'உழைக்கும் மக்கள்' என்னும் தொடரும் நீங்கி, 'சிறு' என்னும் அடை இடம்பெற்றது.

சிறுகளம் தாழ்ந்தது என்பது எமது வாதமன்று. அது பாதுகாப்பானது, மலிவானது, நகர மக்களின் நாளாந்த வாழ்வுக்கு இயைந்தது. எனினும் நிலம் உடையவனுக்கு ஆயிரம் யாரும் நிலமற்றவனுக்கு இருபத்தைந்து யாரும் என்னும் பங்கீடு தற்செயலானதன்று.

குடியேற்ற நாடுகளில் இப்பங்கீடு இன ஒதுக்கலாகவும் வெளிப்பட்டது. 1900ஆம் ஆண்டில் எமது மலைநாட்டில் உருவாக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கே உரியதாக இருந்தது. தோட்டத்தில் உழைத்த தமிழ்த் தொழிலாளிக்கு அதில் இடமிருக்கவில்லை. நிலத்தைப் பற்றிய சட்டமும் அவ்வாறே இருமுகம் காட்டியது. விம்பிள்டனில் வழக்குரிமைகள் 1871இல் சட்டத்தின் துணையைப் பெற்றன. இலங்கையிலோ 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை காடுகளும் பயிரிடப்படாத நிலங்களும் முடிக்குரியவை எனக் கொண்டது; 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. இங்கிலாந்தில் 'பொதுநிலம்' எனப்பட்டது குடியேற்ற நாட்டில் 'தரிசு' எனப்பட்டது. பெயர் மாறியபோது உரிமையும் மாறியது.

6. சட்டத்தின் எச்சம்

பிஸ்லி திறக்கப்பட்டு ஈராண்டுகளின் பின், 1892இல், பாராளுமன்றம் படைத்துறை நிலச் சட்டத்தை நிறைவேற்றியது. சுடுகளங்களுக்கென நிலம் பெறுதல் பற்றிய முந்திய சட்டங்கள் அதில் ஒன்றுதிரட்டப்பட்டன. தொண்டர் அணிகளும், அவற்றின் பொருட்டு உள்ளூராட்சி மன்றங்களும் நிலம் வாங்க வழி செய்யப்பட்டது. பொதுமக்களை ஆபத்திலிருந்து காக்கும் பொருட்டு நிலத்தினுள் நுழைவதைத் தடைசெய்யும் துணைவிதிகளை ஆக்க அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. செங்கொடி ஏறியதும் ஒதுங்கவேண்டும் என்னும் பழக்கம் இவ்வாறு சட்டமாயிற்று. ஆயினும் அப்பிரிவின் ஈற்றில் ஒரு காப்புவாசகம் சேர்க்கப்பட்டிருந்தது. அத்துணைவிதிகள் எந்தப் பொதுநில உரிமையையும் பறித்தலோ பாதித்தலோ ஆகாது என்பதே அது. விம்பிள்டன் போன்ற போராட்டங்கள் சட்டமொழியில் விட்டுச்சென்ற தடயமாக அதனைக் கொள்ளலாம்.

அவ்வாசகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் உயிர்பெற்றது. பேர்க்சயரிலுள்ள கிறீனம் பொதுநிலம் படைத்தளமாக்கப்பட்டிருந்தது. அங்கு அமெரிக்க அணுவாயுத ஏவுகணைகள் வைக்கப்படுவதை எதிர்த்துப் பெண்கள் 1981 முதல் முகாமிட்டுப் போராடினர். அவர்களைத் தடுப்பதற்கென 1985இல் ஆக்கப்பட்ட துணைவிதிகள் 1892ஆம் ஆண்டின் இதே சட்டத்தின் கீழானவை. வேலியைக் கடந்தமைக்காகக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட இரு பெண்களின் வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 'பொது வழக்குத் தொடுநர் எதிர் ஹட்சின்சன்' எனப்படும் அவ்வழக்கில், அத்துணைவிதிகள் பொதுநில உரிமைகளைப் பாதிப்பதால் செல்லுபடியாகா என 1990இல் தீர்ப்பளிக்கப்பட்டது. அப்பெண்களுக்கு அந்நிலத்தில் மேய்ச்சல் உரிமை எதுவும் இருந்ததில்லை. ஆனால் மாடு மேய்த்தோரின் பழைய உரிமை, அணுவாயுதத்தை எதிர்த்தோரின் கவசமாயிற்று. சுடுகளங்களுக்கென எழுந்த சட்டத்தினுள்ளேயே அக்கவசம் இருந்தது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பாதுகாப்பானதும் சட்டபூர்வமானதுமான சுடுகளம் என்பது ஓரிடத்தின் இயற்கைப் பண்பு அன்று. ஒரு சமூக ஏற்பாடு என்பது புலனாகும். மண்மேடும் செங்கொடியும் அவ்வேற்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதிகள். நிலம் யாருடையது, அதன் வழியே செல்லும் உரிமை யாருக்குண்டு, மூடும் அதிகாரம் யாரிடம் உள்ளது, மூடப்படும் நேரத்தை யார் தீர்மானிக்கின்றனர் என்பன கண்ணுக்குத் தெரியாத பகுதிகள். இவற்றைத் தீர்க்காது தெரியப்பட்ட களம் விம்பிள்டனைப் போன்று ஒருநாள் கைவிடப்படும்.

சுடுதற்கலையை நிராகரிப்பது எமது நோக்கமன்று. காற்றின் திசையையும் வெப்ப அலையின் நடுக்கத்தையும் கணித்து ஆயிரம் யாருக்கு அப்பால் குறியெய்தும் ஆற்றல் மனிதக் கண்ணும் கையும் பெற்ற அரிய பயிற்சிகளுள் ஒன்று. 1930ஆம் ஆண்டில் மார்ஜொரி பொஸ்ரர் என்னும் பெண்மணி பிஸ்லியில் மன்னரின் பரிசை வென்றமை, ஆண்களுக்கும் படையினருக்கும் மட்டுமே உரியதென எண்ணப்பட்ட கலையின் எல்லைகள் மாறக்கூடியவை என்பதைக் காட்டிற்று. படைத்துறைக்கும் சுடுதலுக்கும் ஒதுக்கப்பட்டமையால் சரேயின் புதர்நிலங்கள் பல கட்டட வணிகத்துக்கு இரையாகாது எஞ்சின என்பதையும் மறைத்தலாகாது.

ஆனால் செங்கொடி ஒன்று ஏற்றப்படும்போது அது இறக்கப்படும் நேரமும் அறிவிக்கப்பட வேண்டும். மூடப்பட்ட நிலம் மீண்டும் திறக்கப்படும் என்னும் உறுதியே சட்டத்துக்கும் பலாத்காரத்துக்கும் இடையிலுள்ள எல்லை. விம்பிள்டன் நிலம் திறந்தே இருக்கின்றது. கிறீனம் நிலமும் 2000ஆம் ஆண்டளவில் மக்களிடம் மீண்டது. நிலம் மூடப்படுதலின் பொருளை நன்கறிந்த எம்மவர்க்கு இவ்விரு உண்மைகளும் தொலைநாட்டுச் செய்திகளாக மட்டும் தோன்றமாட்டா.